அமெரிக்க அரசியலில் வரலாறு, மதம், இனம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் தேர்தல் வரும்போதெல்லாம் உறவினர்கள், நண்பர்கள், பிள்ளைகளை அங்கே படிக்க அனுப்பியவர்கள் எனப் பலரும் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கின்றன. அவற்றை எல்லாம் இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டுவிட்டேன். யார் ஜெயிப்பார் என்ற கணிப்பு இதில் இல்லை; அந்த நாட்டு ஜனங்கள் ஏன் இப்படிப் பிரிந்து நிற்கிறார்கள் என்பதுதான் விஷயம். என் பார்வையையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அடிமை முறையோடு செய்துகொண்ட சமரசங்களையும், அது ஒழிந்த பிறகு கைவிடப்பட்ட வாக்குறுதிகளையும் தெரிந்துகொள்ளாமல் இன்றைய அமெரிக்க அரசியலில் பாதிகூடப் பிடிபடாது.

அங்கே ரெண்டே ரெண்டு கட்சிதானா? மூணாவதா ஒண்ணு ஏன் தலையெடுக்கவே மாட்டேங்குது?

வேறு கட்சிகளும் உண்டு. பசுமைக் கட்சி, லிபர்ட்டேரியன் கட்சி எல்லாம் வேட்பாளரை நிறுத்தத்தான் செய்கின்றன. ஆனால் அதிபர் பதவி ஒன்றே ஒன்று. தேர்தல் முடிந்த பிறகு உறுப்பினர்களைச் சேர்த்து ஆட்சி அமைக்கும் வழி அங்கே கிடையாது. 1992இல் ராஸ் பெரோ என்ற தொழிலதிபர் தனியாக நின்று ஏறக்குறைய 19 சதவீத ஓட்டு வாங்கினார். எந்த மாநிலத்திலும் முதலிடம் வராததால் இறுதிக் கணக்கில் அவருக்குக் கிடைத்தது பூஜ்ஜியம். 1968இல் அலபாமாவின் ஜார்ஜ் வாலஸ் வாங்கியது 13.5 சதவீதம்தான். ஆனால் அந்த ஓட்டு தெற்கே குவிந்திருந்ததால் ஐந்து மாநிலங்களை வென்றார்.

ஆகவே தனித்தனிக் கட்சியாக இருக்க வேண்டியவர்கள் அங்கே ஒரே கட்சிக்குள் இருந்துகொண்டு சண்டை போடுகிறார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஜனநாயகக் கட்சிக்குள் ஒரு காலத்தில் தெற்கின் நிலவுடைமையாளர்களும் வடக்கின் ஆலைத் தொழிலாளர்களும் சேர்ந்தே இருந்தது எப்படி என்பது பின்னால் வரும்.

அதிக ஓட்டு வாங்கினவரே தோத்துப் போவாராமே, அது எப்படி?

மக்கள் நேரடியாக அதிபரைத் தேர்ந்தெடுப்பதில்லை. 538 பேர் கொண்ட தேர்வாளர் குழு தேர்ந்தெடுக்கிறது. 270 வேண்டும். மக்கள்தொகைப்படி இடம் ஒதுக்கப்படும் பிரதிநிதிகள் சபையில் ஒரு மாநிலத்துக்கு எத்தனை இடமோ, அதோடு அதன் இரண்டு செனட்டர்களையும் கூட்டினால் வருவதே அதன் தேர்வாளர் எண்ணிக்கை. தலைநகர் வாஷிங்டனுக்குத் தனியாக மூன்று. மெய்ன், நெப்ராஸ்கா தவிர மற்ற மாநிலங்களில் முதலிடம் வந்தவருக்கே மொத்தமும் போகும். அதனால் கலிபோர்னியாவில் ஒரு ஓட்டில் ஜெயித்தாலும் நாற்பது லட்சம் ஓட்டில் ஜெயித்தாலும் பலன் ஒன்றுதான். 2016இல் ஹிலாரி கிளிண்டன் 28 லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டுகள் கூடுதலாக வாங்கியும் தோற்றார். 2000இல் அல் கோருக்கும் இதே கதி. 1876, 1888 தேர்தல்களிலும் இது நடந்திருக்கிறது.

செனட்டில் சமமின்மை இன்னும் அதிகம். 2020 கணக்கெடுப்பின்படி கலிபோர்னியாவில் சுமார் 3.95 கோடிப் பேர், வயோமிங்கில் 5.77 லட்சம் பேர். இருவருக்கும் செனட்டில் தலா இரண்டு இடம்.

சின்ன மாநிலங்களைக் காப்பாத்தத்தானே அந்த முறை? இதுல அடிமை முறை எங்க வந்தது?

சிறிய மாநிலங்களின் பயம் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. செனட்டில் சம இடம் வந்தது அதனால்தான். ஆனால் 1787இல் பிலடெல்பியாவில் அரசியல் சாசனம் எழுதக் கூடியபோது அதைவிடப் பெரிய பிளவு வடக்குக்கும் தெற்குக்கும் இடையே இருந்தது. தெற்கின் மக்கள்தொகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அடிமைகள். அவர்களுக்கு ஓட்டு கிடையாது. ஆனால் இடங்களைக் கணக்கிடும்போது அவர்களையும் எண்ண வேண்டும் என்றது தெற்கு. ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணுவது என்று சமரசம் ஆனது. மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுப்பதுதான் சிறந்தது என்று ஒப்புக்கொண்ட ஜேம்ஸ் மாடிசனே, அப்படிச் செய்தால் அடிமைகளைக் கணக்கில் காட்டித் தெற்கு பலம் பெற முடியாது என்ற சிக்கலை அந்தக் கூட்டத்தில் எடுத்துச் சொன்னார். தேர்வாளர் குழு அந்தச் சிக்கலைத் தீர்த்தது.

பலன் என்ன என்று பாருங்கள். 1790 கணக்கெடுப்பில் பென்சில்வேனியாவிலும் வர்ஜீனியாவிலும் சுதந்திர மனிதர்களின் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை. தேர்வாளர் எண்ணிக்கையோ பென்சில்வேனியாவுக்கு 15, வர்ஜீனியாவுக்கு 21. முதல் 36 ஆண்டுகளில் 32 ஆண்டுகள் அதிபர் நாற்காலியில் இருந்தவர்கள் வர்ஜீனியாவின் அடிமை உடைமையாளர்கள்: வாஷிங்டன், ஜெஃபர்சன், மாடிசன், மன்ரோ.

லிங்கன் குடியரசுக் கட்சிதானே? அப்புறம் ஏன் கறுப்பின மக்கள் அந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடறதில்ல?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். குடியரசுக் கட்சி 1854இல் பிறந்ததே அடிமை முறை புதிய பகுதிகளுக்குப் பரவக் கூடாது என்பதற்காக. 1860இல் லிங்கன் ஜெயித்ததும் தெற்கு பிரிந்துபோனது. உள்நாட்டுப் போர் வந்தது. 1865க்குப் பிறகு ஓட்டுரிமை பெற்ற கறுப்பின ஆண்கள் இயல்பாகவே லிங்கனின் கட்சிக்குப் போனார்கள். 1870இல் மிசிசிப்பியிலிருந்து ஹைரம் ரெவல்ஸ் செனட்டின் முதல் கறுப்பின உறுப்பினர் ஆனார். ஆனால் 1876 தேர்தல் இழுபறியில் முடிந்தபோது, அதிபர் பதவி குடியரசுக் கட்சிக்கு வந்தது. தெற்கிலிருந்த மத்தியப் படைகளின் பாதுகாப்பு விலக்கப்பட்டது. கறுப்பின மக்கள் தங்களை அடிமைப்படுத்தியிருந்தவர்களின் கையில் மறுபடியும் விடப்பட்டார்கள். அந்தக் கட்சி செய்த பெரிய துரோகம் அது என்றே நான் நினைக்கிறேன்.

மாற்றம் ஒரே நாளில் நடக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டில் சுமார் 60 லட்சம் கறுப்பினத்தவர் தெற்கைவிட்டுச் சிகாகோ, டெட்ராய்ட், நியூயார்க் என்று போனார்கள். அங்கே ஓட்டுப் போட முடிந்தது. 1930களின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் அதிபர் ரூஸ்வெல்ட்டின் வேலைத் திட்டங்களைப் பார்த்து 1936இல் அவர்களில் பெரும்பாலோர் ஜனநாயகக் கட்சிக்கு மாறினார்கள். அதே கட்சியில்தான் தெற்கின் இனப்பிரிவினைவாதிகளும் இருந்தார்கள். 1948இல் அதே கட்சியின் அதிபர் ட்ரூமன் ராணுவத்தில் இனப்பிரிவினையை ஒழிக்க ஆணையிட்டார். அந்த வருடமே தெற்கத்திய ஜனநாயகக் கட்சியினர் வெளியேறி ஸ்ட்ராம் தர்மாண்டை அதிபர் வேட்பாளராக நிறுத்தினார்கள். அவர் நான்கு மாநிலங்களை வென்றார்.

1964இல் ஜனநாயகக் கட்சி அதிபர் ஜான்சன், இனப்பாகுபாட்டைத் தடுக்கும் குடிமை உரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தார். பிரதிநிதிகள் சபையில் ஆதரித்தவர்களின் விகிதம் குடியரசுக் கட்சியில்தான் அதிகம். ஏனென்றால் எதிர்த்த தெற்கத்தியர்கள் ஜனநாயகக் கட்சியில் இருந்தார்கள். அப்போது பிளவு கட்சி வாரியாக இல்லை, பிரதேச வாரியாக இருந்தது. ஆனால் அந்த வருடம் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் பாரி கோல்ட்வாட்டர் அந்தச் சட்டத்தை எதிர்த்து ஓட்டளித்தவர். அவர் வென்றது சொந்த மாநிலம் அரிசோனாவையும் ஆழ்தெற்கின் ஐந்து மாநிலங்களையும் மட்டுமே. தர்மாண்டும் அதே ஆண்டு குடியரசுக் கட்சிக்குத் தாவினார். பிறகு முப்பது ஆண்டுகளில் வெள்ளைத் தெற்கு மெல்ல மெல்ல இடம் மாறியது. 1964க்குப் பிறகு ஜனநாயகக் கட்சியின் எந்த அதிபர் வேட்பாளரும் வெள்ளையர் ஓட்டில் பெரும்பான்மை பெற்றதில்லை.

1870லயே ஓட்டுரிமை கொடுத்தாச்சுன்னு படிச்சேன். பின்ன 1965ல எதுக்கு இன்னொரு சட்டம்?

1870இல் வந்த அரசியல் சாசனத்தின் 15ஆவது திருத்தம் இனத்தைக் காட்டி ஓட்டை மறுக்கக் கூடாது என்றது. சரி, இனத்தைச் சொல்லாமலே மறுத்தால்? அதைத்தான் செய்தார்கள். தலைவரி கட்டிய ரசீது கேட்டார்கள். மிசிசிப்பியின் 1890 சாசனப்படி ஒருவர் சட்டத்தின் ஒரு பகுதியைப் படிக்கவோ விளக்கம் சொல்லவோ வேண்டும். விளக்கம் சரியா என்று முடிவு செய்பவர் வெள்ளை அதிகாரி. லூசியானாவில் 1898இல் தாத்தாவுக்கு ஓட்டு இருந்திருந்தால் பேரனுக்குச் சோதனை வேண்டாம் என்று விதி போட்டார்கள். எந்த வரியிலும் கறுப்பர், வெள்ளையர் என்ற சொல் இல்லை. இதற்கெல்லாம் மேலே, பதிவு செய்யப் போனவருக்கு வேலை போகும், குத்தகை நிலம் போகும், சில சமயம் உயிரே போகும்.

அலபாமாவின் லவுண்ட்ஸ் கவுண்டியை (நம் மாவட்டம் போன்ற பகுதி) பாருங்கள். 1965 தொடக்கத்தில் அங்கே ஐந்தில் நான்கு பேர் கறுப்பினத்தவர். வாக்காளர் பட்டியலில் அவர்களில் ஒருவர்கூட இல்லை. பெயரைப் பதிவு செய்ததற்காகக் குத்தகை நிலத்திலிருந்து துரத்தப்பட்ட குடும்பங்கள் நெடுஞ்சாலை ஓரம் கூடாரம் போட்டு வாழ்ந்தன. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக அந்த மாநில வாக்குச்சீட்டில் கட்சிச் சின்னம் போடுவார்கள். நம் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கே ஜனநாயகக் கட்சியின் சின்னம் வெள்ளைச் சேவல். அதன் மேலே அச்சிடப்பட்டிருந்த வாசகம் 'வெள்ளையர் மேலாதிக்கம்'. 1966 வரை அது வாக்குச்சீட்டில் இருந்தது. அந்தச் சேவலுக்குக் கீழே தங்கள் பெயர் வரக் கூடாது என்று லவுண்ட்ஸ் மக்கள் தனிக் கட்சி தொடங்கி, கருஞ்சிறுத்தையைச் சின்னமாக எடுத்துக்கொண்டார்கள். கலிபோர்னியாவின் பிளாக் பாந்தர் கட்சிக்கு அந்தப் பெயர் வந்தது இங்கிருந்துதான். 1966 தேர்தலில் லவுண்ட்ஸ் வேட்பாளர்கள் எல்லோரும் தோற்றார்கள். 1970இல் அந்த இயக்கத்தின் ஜான் ஹ்யூலட் அதே கவுண்டியின் ஷெரிப், அதாவது காவல் தலைவர் ஆனார்.

1965 வாக்குரிமைச் சட்டம் சோதனைகளை நிறுத்தியது. பதிவு செய்ய மத்திய அதிகாரிகளை அனுப்பியது. மிசிசிப்பியில் பதிவு செய்த கறுப்பினத்தவர் சட்டத்துக்கு முன்பு ஏறக்குறைய 7 சதவீதம். இரண்டே ஆண்டில் 60 சதவீதத்தை நெருங்கினார்கள். மக்களுக்கு ஆர்வம் இல்லை என்று அதுவரை சொல்லிவந்தவர்களுக்கு இந்த எண்ணே பதில்.

அடிமை முறை ஒழிஞ்சு 160 வருஷம் ஆச்சே, இன்னும் அதையே சொல்லிட்டு இருக்கலாமா?

அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். 1935இல் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டம், அதாவது முதியோர் ஓய்வூதியம், தொடக்கத்தில் விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலை செய்பவர்களையும் சேர்க்கவில்லை. தெற்கில் கறுப்பினத்தவர் பெரும்பாலும் இந்த இரண்டு வேலைகளில்தான் இருந்தார்கள். வீட்டுக் கடனுக்கு அரசு உத்தரவாதம் கொடுத்தபோது கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளை ஆபத்தானவை என்று வரைபடத்தில் சிவப்பு வண்ணம் அடித்து ஒதுக்கினார்கள். போருக்குப் பிறகு நியூயார்க் அருகே எழுந்த லெவிட்டவுன் குடியிருப்பின் ஆரம்ப ஒப்பந்தத்திலேயே, வீட்டு வேலைக்காரர் தவிர வெள்ளையர் அல்லாத எவரும் அங்கே குடியிருக்கக் கூடாது என்று ஒரு விதி இருந்தது.

சாதாரண அமெரிக்கக் குடும்பத்தின் சொத்து என்பது அநேகமாக அதன் வீடு. பள்ளிக்கூடத்துக்கு வரும் பணத்தில் கணிசமான பங்கு அந்தந்த ஊரின் வீட்டு வரி. வீடு வாங்க முடியாத தாத்தாவின் பேரன் ஏழைப் பள்ளியில் படிக்கிறான். அந்தத் தாத்தாக்களில் பலர் இன்றும் உயிரோடு இருக்கிறார்கள்.

அரசுக்கு மதம் கிடையாதுங்கறாங்க. ஆனா டாலர் நோட்டுல கடவுள் பேரு இருக்கே?

1791இல் வந்த முதல் திருத்தம் அரசு எந்த மதத்தையும் நிறுவக் கூடாது என்கிறது. பதவிக்கு மதச் சோதனை கூடாது என்று மூலச் சாசனத்திலேயே இருக்கிறது. இதைக் கேட்டு வாங்கியவர்களில் நாத்திகர்களைவிடச் சிறிய சபையினர் அதிகம். அந்தத் திருத்தம் அன்று மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தவில்லை; கனெக்டிகட்டில் வேறொரு சபைதான் மாநில அரசின் ஆதரவு பெற்றது. அங்கே டான்பரியில் இருந்த பாப்டிஸ்டுகள் (ஒரு புராட்டஸ்டண்ட் பிரிவினர்) அதிபர் ஜெஃபர்சனுக்கு எழுதியபோது, 1802இல் அவர் கொடுத்த பதிலில்தான் சபைக்கும் அரசுக்கும் இடையே 'பிரிவினைச் சுவர்' என்ற புகழ்பெற்ற பேச்சு வந்தது. பாப்டிஸ்டுகள் அன்று கேட்டது சுவர். இன்று அவர்களில் பலர் அதை இடிக்கக் கேட்கிறார்கள்.

டாலர் வாசகம் பெரும்பாலும் பனிப்போரின் பிள்ளை. நாணயத்தில் உள்நாட்டுப் போர்க் காலத்திலேயே இருந்தது. ஆனால் பள்ளி உறுதிமொழியில் 'கடவுளுக்குக் கீழே' என்று சேர்த்தது 1954இல். 'கடவுளை நம்புகிறோம்' என்பதைத் தேசிய வாசகமாக்கியது 1956இல். நாத்திக சோவியத்துக்கு எதிரான நாடு என்று காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. இன்னொன்று: அரசுப் பணம் இல்லாததால் அங்கே ஒவ்வொரு சபையும் ஆட்களைத் தானே சேர்த்து, காணிக்கையில் வாழ வேண்டும். கூட்டம் சேர்க்கவும் நிதி திரட்டவும் அவர்களுக்கு இருக்கும் திறமை அரசியலுக்கு அப்படியே பயன்பட்டது.

கென்னடி கத்தோலிக்கர்னு ஏன் அவ்வளவு பெரிய பிரச்சனை ஆச்சு?

19ஆம் நூற்றாண்டில் அயர்லாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் கத்தோலிக்கர்கள் வந்து குவிந்தபோது, அவர்கள் போப்பாண்டவர் சொல்படி நடப்பார்கள் என்ற பயம் பரவியது. 1850களில் அவர்களை எதிர்ப்பதற்கென்றே ஒரு கட்சி இருந்தது. 1928இல் அல் ஸ்மித் என்ற கத்தோலிக்கர் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராக நின்றபோது அவருடைய மதம் பெரும் பிரச்சினையானது, தோற்றார். 1960இல் கென்னடி ஹூஸ்டனில் புராட்டஸ்டண்ட் போதகர்கள் முன்னால் நின்று, தன் சபை தனக்கு ஆணையிடாது என்று விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது. இன்று உச்ச நீதிமன்றத்தில் பெரும்பான்மை கத்தோலிக்கர்கள். அது இப்போது யாருக்கும் செய்தியாகவே தெரிவதில்லை.

கருக்கலைப்பு ஒரு மருத்துவ விஷயம். அது எப்படி ஓட்டு வாங்கற விஷயமா ஆச்சு?

முதலில் அப்படி இருக்கவில்லை. 1967இல் கலிபோர்னியாவில் கருக்கலைப்பைத் தளர்த்தும் சட்டத்தில் கையெழுத்திட்டவர் அன்றைய ஆளுநர், குடியரசுக் கட்சியின் ரொனால்ட் ரீகன். 1971இல் தெற்கு பாப்டிஸ்ட் மாநாடு சில சூழ்நிலைகளில் கருக்கலைப்பை அனுமதிக்கலாம் என்று தீர்மானம் போட்டது. 1973இல் அதை உரிமையாக்கிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பை ஆதரித்த ஏழு நீதிபதிகளில் ஐந்து பேர் குடியரசுக் கட்சி அதிபர்கள் நியமித்தவர்கள். எதிர்ப்பில் முன்னால் நின்றவர்கள் கத்தோலிக்கர்கள்.

இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்களை, அதாவது பைபிளையும் தனிமனித மனமாற்றத்தையும் முதன்மையாகக் கருதும் புராட்டஸ்டண்டுகளை, அரசியலுக்கு இழுத்தது எது என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் சண்டை உண்டு. ஒரு தரப்பு, இனப்பிரிவினை செய்த கிறிஸ்தவப் பள்ளிகளின் வரிவிலக்கை அரசு பறித்ததுதான் முதல் பொறி என்கிறது. பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகம் அப்படித்தான் வரிவிலக்கை இழந்து, 1983இல் உச்ச நீதிமன்றத்திலும் தோற்றது. மறு தரப்பு, குடும்பம், பெண்ணுரிமை, பள்ளியில் ஜெபத்துக்குத் தடை எனப் பல கவலைகள் சேர்ந்தன என்கிறது. எனக்கு இரண்டும் சேர்ந்தே நடந்ததாகப் படுகிறது. 1979இல் ஜெரி ஃபால்வெல் 'மாரல் மெஜாரிட்டி' அமைப்பைத் தொடங்கினார். 1980இல் அந்த ஓட்டு, தானே தெற்கு பாப்டிஸ்டான ஜிம்மி கார்ட்டரை விட்டு, விவாகரத்தான நடிகர் ரீகனிடம் போனது. சமீபத்திய அதிபர் தேர்தல்களில் வெள்ளை இவாஞ்சலிக்கல்களில் பத்துக்கு எட்டுப் பேர் குடியரசுக் கட்சிக்கு ஓட்டளித்தார்கள்.

2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் 1973 தீர்ப்பை ரத்து செய்தது. இரண்டே மாதத்தில், குடியரசுக் கட்சியின் கோட்டையான கன்சாஸில் பொதுவாக்கெடுப்பு நடந்தது. ஏறக்குறைய 59 சதவீதம் பேர் மாநிலச் சாசனத்திலுள்ள கருக்கலைப்பு உரிமையை நீக்க வேண்டாம் என்றார்கள். கட்சியும் கொள்கையும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

எல்லாருக்கும் ஒரே பைபிள்தானே? வெள்ளைக்காரர் சபை ஒரு கட்சி, கறுப்பினத்தவர் சபை இன்னொரு கட்சின்னு எப்படிப் பிரிஞ்சது?

பைபிள் ஒன்றுதான், அதைப் படித்தவர்கள் நின்ற இடம் வேறு. அடிமை உடைமையாளரின் போதகர் 'எஜமான்களுக்குக் கீழ்ப்படியுங்கள்' என்ற பவுலின் வரியைப் பிரசங்கித்தார். அடிமைகள் யாத்திராகமத்தைப் பாடினார்கள். எகிப்திலிருந்து விடுதலை என்பது அவர்களுக்குக் கதை இல்லை, எதிர்பார்ப்பு. அடிமை வைத்திருப்பவர் மிஷனரி ஆகலாமா என்ற சண்டையில் 1845இல் பாப்டிஸ்டுகள் இரண்டாக உடைந்தார்கள். தெற்கு பாப்டிஸ்ட் மாநாடு பிறந்தது அப்படித்தான். அதற்காக அவர்கள் மன்னிப்புக் கேட்டது 1995இல். கறுப்பினத்தவருக்கென்று முதல் தனிச் சபை அமைப்பை ரிச்சர்ட் ஆலன் 1816லேயே பிலடெல்பியாவில் தொடங்கியிருந்தார்.

ஓட்டுரிமை இல்லாத காலத்தில் கறுப்பின மக்கள் தங்கள் சொந்தப் பணத்தில் நடத்திய, தங்கள் தலைவரைத் தாங்களே தேர்ந்தெடுத்த இடம் சபை ஒன்றுதான். போதகர் வெள்ளையரிடம் சம்பளம் வாங்காதவர். அவரை வேலையைவிட்டு நீக்க முடியாது. மார்ட்டின் லூதர் கிங் அங்கிருந்து வந்ததில் ஆச்சரியமில்லை. அட்லாண்டாவில் அவர் பிரசங்கித்த எபனேசர் சபையின் போதகர் ரஃபேல் வார்னாக் 2021 ஜனவரியில் ஜார்ஜியாவின் செனட்டர் ஆனார்.

ஏழை வெள்ளைக்காரங்க ஏன் பணக்காரருக்கு வரி குறைக்கிற கட்சிக்கு ஓட்டுப் போடறாங்க?

மேற்கு வர்ஜீனியாவை எடுத்துக்கொள்வோம். நிலக்கரி மாநிலம். 1921இல் ப்ளேர் மலையில் சுமார் பத்தாயிரம் சுரங்கத் தொழிலாளர்கள் துப்பாக்கியோடு முதலாளிகளின் படையை எதிர்த்து நின்றார்கள். 1980இல் நாடே ரீகன் பக்கம் சாய்ந்தபோதும் இந்த மாநிலம் ஜனநாயகக் கட்சிக்கு ஓட்டளித்தது. 2000இல் மாறியது, 2024இல் டிரம்புக்கு எழுபது சதவீதம். நடுவில் சுரங்க வேலைகள் போய்விட்டன, தொழிற்சங்கமும் போய்விட்டது. 1950களில் அமெரிக்கத் தொழிலாளர்களில் மூன்றில் ஒருவர் சங்கத்தில் இருந்தார். இன்று பத்தில் ஒருவர். சங்கம் போன ஊரில் மிச்சம் இருப்பவை சபையும் வேட்டைத் துப்பாக்கியும். அந்த இரண்டையும் மதிக்கிறோம் என்று சொல்லும் கட்சிக்கு மக்கள் போனார்கள். நிலக்கரியை மூடச் சொன்ன கட்சி மாற்று வேலை என்ன என்று நம்பும்படி சொல்லவில்லை. அவர்களை முட்டாள்கள் என்று பேசுவது எனக்குச் சம்மதமில்லை.

இன இடைவெளியும் இதில் வேலை செய்தது. அரசு உதவி என்றாலே அது வேறு யாருக்கோ போகிறது என்ற எண்ணம் 1960களுக்குப் பிறகு திட்டமிட்டு வளர்க்கப்பட்டது.

வந்தேறிகளால ஆன நாடுதானே அது? அவங்களே வந்தேறிகளை ஏன் எதிர்க்கணும்?

யார் வரலாம் என்ற கேள்வி அங்கே தொடக்கத்திலிருந்தே உண்டு. 1790 சட்டம் சுதந்திரமான வெள்ளையருக்கு மட்டுமே குடியுரிமை என்றது. 1882இல் சீனத் தொழிலாளர்களுக்குக் கதவு மூடப்பட்டது. 1923இல் பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியின் வழக்கில், இந்தியர் வெள்ளையர் அல்ல, குடியுரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1946க்குப் பிறகும் இந்தியாவுக்கு ஆண்டு ஒதுக்கீடு நூறு பேர்.

1965இல் இந்த நாட்டுவாரி ஒதுக்கீட்டை ஒழித்த சட்டம், கறுப்பினத்தவரின் குடிமை உரிமை இயக்கம் உருவாக்கிய அதே சூழலில் வந்தது. கமலா ஹாரிஸின் தாய் சியாமளா கோபாலன் 1958லேயே மாணவியாகப் போனவர். அவருக்குப் பின்னால் போன ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்களுக்கு வழி திறந்தது 1965 சட்டம்தான். ஓட்டுரிமை கேட்டு அலபாமா சாலைகளில் அடிவாங்கியவர்களுக்கும் நியூஜெர்சியில் வீடு வாங்கிய நம் மக்களுக்கும் உள்ள தொடர்பு இது. நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

லத்தீனோக்கள் எல்லாம் ஜனநாயகக் கட்சிக்குத்தானே போடணும்?

லத்தீனோ, அதாவது லத்தீன் அமெரிக்க வழிவந்தவர்கள் என்பது ஒரே கூட்டம் இல்லை. காஸ்ட்ரோவைவிட்டு ஓடிவந்த கியூபர்கள் ஃபுளோரிடாவில் நெடுங்காலமாகக் குடியரசுக் கட்சி. டெக்சஸின் எல்லையோரக் குடும்பங்களில் பலர் அந்த மண் மெக்சிகோவாக இருந்தபோதே அங்கே இருந்தவர்கள். எல்லைதான் அவர்களைத் தாண்டி வந்தது. ஏறக்குறைய முழுக்க லத்தீனோக்களே வாழும் ஸ்டார் கவுண்டி 2024இல் குடியரசுக் கட்சிக்கு ஓட்டளித்தது. 1892க்குப் பிறகு இதுவே முதல்முறை. விலைவாசி, எல்லைக் காவல்துறை வேலைகள், வளர்ந்துவரும் இவாஞ்சலிக்கல் சபைகள் எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு.

அப்போ எல்லாமே இனவெறிதான்னு சொல்லுங்க?

இல்லை. மேலே கன்சாஸ், மேற்கு வர்ஜீனியா, ஸ்டார் கவுண்டி மூன்றையும் சொன்னதே அதற்காகத்தான். படிப்பு, ஊரா நகரமா, மதம், வேலை எல்லாம் ஓட்டைத் தீர்மானிக்கின்றன. 2008இல் ஒபாமா, வழக்கமாகக் குடியரசுக் கட்சி ஜெயிக்கும் இண்டியானாவிலேயே ஜெயித்தார்.

நான் சொல்வது வேறு. இனப்பிரிவினைக்காகப் போட்ட விதி, போட்டவர்கள் செத்த பிறகும் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். மிசிசிப்பியின் 1890 சாசனத்தில் எந்தக் குற்றம் செய்தால் ஓட்டு போகும் என்று ஒரு பட்டியல் உண்டு. திருட்டு, தீவைப்பு, பொய்யாணை எல்லாம் அதில் இருந்தன. கொலையும் வன்புணர்வும் இல்லை. கறுப்பினத்தவர் செய்வார்கள் என்று அவர்கள் கருதிய குற்றங்களாகப் பார்த்து எழுதிய பட்டியல் அது. 1968இல்தான் கொலையும் வன்புணர்வும் சேர்க்கப்பட்டன. இன்று அந்தச் சட்டத்தை அமல்படுத்தும் குமாஸ்தா மனதில் எந்த வெறியும் இல்லாமல் இருக்கலாம். பெயர் நீக்கப்படத்தான் செய்யும்.

இதையெல்லாம் மாத்தவே முடியாதா? அந்தத் தேர்வாளர் முறையையாவது எடுத்துடலாமே?

சாசனத்தைத் திருத்த இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். பிறகு 50 மாநிலங்களில் 38 ஒப்புக்கொள்ள வேண்டும். தேர்வாளர் முறையால் பலன் பெறும் சிறிய மாநிலங்களே அதற்குக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும்.

ஆனாலும் ஒருமுறை மிக அருகில் வந்தார்கள். வாலஸ் ஐந்து மாநிலங்களை வென்று எல்லோரையும் பதற வைத்த தேர்தலுக்கு அடுத்த வருடம், 1969இல், பிரதிநிதிகள் சபை இந்த முறையை ஒழிக்கும் திருத்தத்தை 338-70 என்று நிறைவேற்றியது. செனட்டில் பேசிப் பேசியே காலம் கடத்தி 1970இல் அதை முடக்கினார்கள். முன்னணியில் நின்றவர்கள் தெற்கத்திய செனட்டர்கள். அவர்களில் ஒருவர் மேலே சொன்ன ஸ்ட்ராம் தர்மாண்ட். இப்போது சாசனத்தைத் தொடாமலே வேறு வழியில் முயல்கிறார்கள். நாடு முழுவதும் அதிக ஓட்டு வாங்கியவருக்கே எங்கள் தேர்வாளர்களைக் கொடுப்போம் என்று மாநிலங்கள் ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. 200க்கும் மேற்பட்ட தேர்வாளர்களைக் கொண்ட மாநிலங்கள் இதுவரை சேர்ந்திருக்கின்றன. 270 எட்டினால்தான் அது நடைமுறைக்கு வரும்; வந்தால் வழக்கும் கூடவே வரும்.